நோய் நுழையும் வழிகளை அடைப்போம்: கறவை மாட்டுப் பராமரிப்பும் உடல்நலமும்

வெக்கை நோய் என்ற பெயரைச் சொன்னால் இன்றைய இளைஞர் பலருக்கு ஒன்றும் விளங்காது. வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்நோய் ஊருக்குள் புகுந்துவிட்டால் தொழுவம் தொழுவமாக மாடுகள் மடியும். நாடு முழுவதும் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்ததன் பயனாக 1995ஆம் ஆண்டிற்குப் பிறகு இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011ஆம் ஆண்டில் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

எல்லா நோய்களையும் இப்படி ஊசியால் ஒழித்துவிட முடியுமானால் உழவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் இன்று ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்திருக்கும் சிறு உழவரின் வருவாயைக் குறைப்பவை பெரும்பாலும் வேறு வகையான நோய்கள். மடிவீக்கம், கன்றுக் கழிச்சல், பால் காய்ச்சல், வயிற்றுப் புளிப்பு, குடற்புழு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் சிலவற்றிற்குக் கிருமியே காரணம் அன்று, தீவனமே காரணம். மற்றவற்றிற்குக் காரணமான கிருமிகளும் புழுக்களும் எங்கோ வெளியூரிலிருந்து வருவன அல்ல. நம் கொட்டகைத் தரையிலும், சாணத்திலும், சுவர் வெடிப்பிலும், கறக்கும் கையிலும் எப்போதும் இருப்பவை. அவை மாட்டின் உடலுக்குள் நுழைவதற்கு வழி விடுவதும், அவ்வழியை அடைப்பதும் நம் அன்றாடப் பராமரிப்பைப் பொறுத்தது. மருத்துவரை அழைக்கும் வேளையில் நோய் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டிருக்கும். அதற்கு முன் செய்யவேண்டியது உழவரின் கையில்தான் இருக்கிறது.

ஒரே கிருமி, இரண்டு மாடுகள்

ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் ஒரே வகைக் கலப்பினப் பசுக்கள் இருக்கின்றன. ஒரு வீட்டுப் பசுவிற்கு ஆண்டில் இரண்டு முறை மடி வீங்குகிறது. மற்றதற்கு வருவதில்லை. இதற்குக் கண்ணேறு காரணம் அன்று. இரண்டு வீட்டிலும் கிருமி உண்டு. ஒரு வீட்டில் கறந்து முடித்தவுடன் பசு ஈரத் தரையில் படுக்கிறது. மற்ற வீட்டில் தீவனம் தின்றுகொண்டு நிற்கிறது. இவ்வளவு சிறிய வேறுபாடே சில வேளைகளில் நோயைத் தீர்மானித்துவிடுகிறது. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கிருமியின் அளவு, மாட்டின் எதிர்ப்புத் திறன், அது வாழும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நோய் உண்டாகிறது. மூன்றில் ஒன்றையாவது நமக்குச் சாதகமாக வைத்துக்கொண்டால் நோய் வருவது குறையும். சினைக் காலத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக இதைப் பார்க்கலாம்.

சினைப்பசுவிற்கு இரண்டு மாத ஓய்வு

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஏழு மாதச் சினையில் பால் கறப்பதை நிறுத்தி, ஈனுவதற்கு முன் 60 நாட்களாவது ஓய்வு கொடுக்க வேண்டும். "இன்னும் இரண்டு லிட்டர் கறக்கிறதே" என்று எட்டாம் ஒன்பதாம் மாதம் வரை கறப்பவர்கள் உண்டு. கருவிலுள்ள கன்று வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதங்களில்தான். மடியிலுள்ள பால் சுரப்பிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதும் அப்போதுதான். அந்த ஓய்வைக் கொடுக்காவிட்டால் கன்று மெலிந்து பிறக்கும். அடுத்த ஈற்றில் பாலும் குறையும். இன்று எடுக்கும் இரண்டு லிட்டருக்காக நாளை பல லிட்டரை இழக்கிறோம்.

கறவையை நிறுத்தும்போது அடர்தீவனத்தைக் குறைத்து, பால் குறைந்தபின் அடியோடு நிறுத்த வேண்டும். முன்பு மடிவீக்கம் கண்ட பசுவாக இருந்தால், கடைசிக் கறவைக்குப் பின் காம்பினுள் செலுத்தும் மருந்தை மருத்துவர் ஆலோசனைப்படி இட்டுக்கொள்வது நல்லது. மறைந்திருக்கும் கிருமியை அழிக்க அதுவே ஏற்ற சமயம்.

பால் காய்ச்சல் என்ற நோயின் வேரும் இந்த ஓய்வுக் காலத்தில்தான் இருக்கிறது. பெயரில் காய்ச்சல் என்று இருந்தாலும் உடல் சுடுவதில்லை. காது குளிர்ந்து, பசு எழ முடியாமல் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். மூன்றாம் ஈற்றும் அதற்கு மேலும் ஆன நல்ல கறவைப் பசுக்களுக்கு, ஈன்ற மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் வரும். பசுவின் இரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து சுமார் 3 கிராம்தான். ஆனால் ஒவ்வொரு லிட்டர் சீம்பாலிலும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை விரைந்து எடுத்து இந்தக் குறையை நிரப்பும் ஆற்றல் உடலுக்கு உண்டு. ஓய்வுக் காலத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்துகளை அளவின்றிப் புகட்டினால் அந்த ஆற்றல் வேலை செய்யாமல் மந்தமாகிவிடும். ஆகவே பலம் வரட்டும் என்று ஈனுவதற்கு முன்பே சுண்ணாம்பு டானிக்குகளைத் தாமாக வாங்கி ஊற்றக் கூடாது. அவை தேவைப்படுவது ஈனும் சமயத்தில். அதையும் மருத்துவர் சொல்படி கொடுக்க வேண்டும்.

படுத்துவிட்ட பசுவின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பசுவை நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்குமாறு வைக்கோல் மூட்டையால் அண்டைக் கொடுத்து, உடனே மருத்துவரை அழையுங்கள். தக்க நேரத்தில் இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றினால் பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

சீம்பாலுக்குக் காத்திருக்க வேண்டாம்

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குச் சீம்பால் ஊட்ட வேண்டும் என்ற வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. கன்றுகள் மடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு எதிர்ப்புப் பொருளைப் பெற்றுப் பிறக்கிறது. கன்று அப்படிப் பிறப்பதில்லை. பசுவின் நஞ்சுக்கொடியைத் தாண்டி அப்பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. அவையெல்லாம் சீம்பாலில்தான் வருகின்றன. பிறந்த முதல் சில மணி நேரத்தில் கன்றின் குடல் அவற்றை அப்படியே உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்து, 24 மணி நேரத்தில் முற்றிலும் நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழ எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் வாய்ப்பின் பெரும்பகுதி போய்விடும்.

25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் குறைந்தது ஒன்றரை லிட்டரைப் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கொடுத்துவிடுங்கள். கன்று எழ முடியாவிட்டால் கறந்து புட்டியில் ஊட்டுங்கள். கன்று மடியை முட்டிக் குடிப்பதால் கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி விழவும் அது துணை செய்யும். ஆக, சீம்பால் கொடுப்பதால் தாய்க்குத் தீங்கு இல்லை, நன்மையே.

12 மணி நேரம் ஆகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டுவதும், கையால் பிடித்து இழுப்பதும் கருப்பையில் புண்ணை உண்டாக்கும். பின்னர் பசு சினை பிடிக்காமல் போகும். விழுந்த கொடியை நாய் இழுக்காதபடி சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். கன்று வீச்சு நோய் என்னும் புரூசெல்லா நோய் அதன் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடும். ஆதலால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கன்றின் தொப்புள் கொடியைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, டிங்சர் அயோடின் தடவுங்கள். ஈரத் தொப்புள் மண்ணில் பட்டால் கிருமி அவ்வழியே ஏறி மூட்டு வீக்கத்தை உண்டாக்கும்.

புல்லையே தொடாத பத்து நாள் கன்றுக்கு வயிற்றில் புழு எப்படி வரும் என்று பலர் கேட்பதுண்டு. தாயின் உடலில் தங்கியிருக்கும் உருண்டைப் புழுவின் குஞ்சுகள் பால் வழியாகவே கன்றுக்குச் செல்கின்றன. எருமைக் கன்றுகளுக்கு இது மிகுதி. வயிறு பருத்து, களிமண் நிறத்தில் நாற்றத்துடன் கழியும் கன்றுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே பிறந்த 10 முதல் 15 நாட்களுக்குள் முதல் குடற்புழு மருந்தும், ஆறு மாதம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்தும் கொடுக்க வேண்டும்.

கறக்கும் கையில் இருக்கிறது மடியின் நலம்

மடிவீக்க நோய்க்கு வெக்கை நோயைப் போல ஒழித்துக்கட்டும் தடுப்பூசி இல்லை. பல வகை நுண்ணுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே காம்பின் நுனித் துளை வழியாகத்தான் உள்ளே செல்கின்றன. ஆகவே காவல் வேண்டிய இடம் அந்தத் துளைதான்.

கறக்கும்போது திறக்கும் துளை, கறந்து முடித்தபின் இறுக மூடிக்கொள்ள சுமார் அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரத்தில் பசு சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். முன்பு கேட்ட கேள்விக்கு விடை இதுதான். எனவே பசுந்தீவனத்தைக் கறந்து முடித்தவுடன் போடுங்கள். தின்னும் மாடு படுக்காது. இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

கறவையின்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகத்தை வெட்டி வையுங்கள்.

2. காம்புகளைக் கழுவியபின் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈர மடியிலிருந்து வழியும் தண்ணீர் கிருமியைக் காம்பு நுனிக்குக் கொண்டுவரும். ஒரு மாட்டிற்குத் துடைத்த துணியை அடுத்த மாட்டிற்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் கறந்து பாருங்கள். திரிதிரியாகவோ நீர்த்தோ இருந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பாலைத் தரையில் விடாதீர்கள்.

4. உள்ளங்கை முழுவதும் காம்பைப் பற்றிக் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பின் உட்புறம் நசுங்கிப் புண்ணாகும். விளக்கெண்ணெயோ நுரையோ தடவிக் கறந்தால் அழுக்கு காம்பில் ஒட்டும்.

5. பால் இறங்கியபின் ஐந்து முதல் ஏழு நிமிடத்திற்குள் கறந்து முடியுங்கள். பாலை மடியில் தேங்கவிடாதீர்கள்.

6. கறந்தபின் ஒவ்வொரு காம்பையும் அதற்கென விற்கப்படும் அயோடின் கரைசலில் நனைத்தெடுங்கள்.

7. நல்ல மாட்டை முதலிலும், மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியிலும் கறங்கள்.

வீங்கிய மடி கண்ணுக்குத் தெரியும். மறைந்திருக்கும் மடிநோய் தெரியாது. மடியும் பாலும் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பால் மெல்லக் குறையும். சங்கத்தில் கொழுப்பல்லாத திடப்பொருள் அளவு குறைந்து விலையும் குறைந்தால், தீவனத்தோடு மடியையும் சந்தேகியுங்கள். கால்நடை மருந்தகத்தில் எளிய சோதனை மூலம் இதைக் கண்டறியலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எட்டு லிட்டர் கறக்க வேண்டிய பசு மறைந்த மடிநோயால் ஏழு லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 நாள் கறவையில் 300 லிட்டர் போய்விட்டது. லிட்டர் 35 ரூபாய் என்றால் 10,500 ரூபாய். மாட்டிற்கு ஒரு துணியும் ஒரு புட்டி அயோடின் கரைசலும் இதில் எத்தனை பங்கு ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். காம்பு அடைத்துப்போனாலோ, அந்த மாட்டைச் சந்தையில் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

நோய் தொடங்கிய நிலையில் மூலிகை மருந்து துணை செய்யும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிப் பால் பீச்சிவிட்டு நாளுக்குப் பத்து முறை போல ஐந்து நாட்கள் பூசலாம். பசுவிற்குக் காய்ச்சல் கண்டாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்பால் வரும் வயிற்று நோய்

பொங்கலன்றும், வீட்டில் கலியாணம் காட்சி நடந்த மறுநாளும் கால்நடை மருந்தகங்களில் வயிறு உப்பிய மாடுகளைப் பார்க்கலாம். மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மாட்டிற்கு அள்ளி வைப்பதன் விளைவு இது. அன்போடு கொடுத்தாலும் மாட்டின் வயிறு அதற்கு ஏற்றதன்று.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய பானை போன்றது. அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வைக்கோலையும் புல்லையும் சிதைத்துச் சத்தாக மாற்றுகின்றன. சோறு, அரிசி, மாவு, கேழ்வரகுக் கூழ் போன்றவை திடீரென்று மிகுதியாகச் சேர்ந்தால், புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகி மற்றவற்றைக் கொன்றுவிடும். வயிறு அசைவதில்லை, அசை போடுவது நின்றுவிடும், மாடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், புளித்த நாற்றத்துடன் கழியும். கடுமையானால் ஒன்றிரண்டு நாட்களில் உயிரும் போகும். பிழைத்தாலும் குளம்பு நோவால் நொண்டும்.

எனவே பொங்கலன்று மாட்டிற்கு ஒரு கைப்பிடிச் சோறு போதும். தவறிப்போய் மாடு சோற்றையோ தானியத்தையோ மிகுதியாகத் தின்றுவிட்டால், நோய்க் குறி தெரியும்வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். தீவனத்தை எப்போது மாற்றினாலும் ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

சோளப் பயிரிலும் எச்சரிக்கை வேண்டும். இளஞ்சோளமும், மழையின்றிக் குன்றிய சோளமும், அறுத்த தாளில் துளிர்த்த குருத்தும் மாட்டைச் சில நிமிடங்களில் கொல்லும் நச்சு உடையவை. பூத்தபின் அறுத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவிற்கு நாளொன்றுக்குப் பசுந்தீவனம் 15 முதல் 20 கிலோ, வைக்கோல் அல்லது சோளத்தட்டு 5 கிலோ, உடல் பராமரிப்புக்கு அடர்தீவனம் ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான அளவு. தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம் சேர்க்க வேண்டும். சுவரை நக்குவதும், துணியையும் எலும்பையும் கடிப்பதும், பலமுறை ஊசி போட்டும் சினை பிடிக்காததும் தாது உப்புக் குறையின் அறிகுறிகளாக இருக்கலாம். குடிக்கும் தண்ணீர் நாள் முழுவதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாலுக்கு மட்டும் மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது.

கொட்டகையும் உண்ணியும்

ஒரு பசு நிற்கவும் படுக்கவும் கூரையின்கீழ் சுமார் 40 சதுர அடி இடம் வேண்டும். தரை 40 அடிக்கு ஓரடி வீதம் சரிந்திருந்தால் மூத்திரமும் கழுவிய நீரும் தேங்காது. கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே மிகுதியாக விழாது. கல்நார் அல்லது தகரக் கூரையாயின் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். கோடையில் கலப்பினப் பசு மூச்சு வாங்கிக்கொண்டு தீவனத்தை விட்டுவிடும், பால் குறையும், நோய் எதிர்ப்பும் குறையும். விடியற்காலையிலும் மாலை வெயில் தாழ்ந்தபின்னும் தீவனம் வைப்பது நல்லது.

உண்ணியை ஒரு சாதாரணத் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தைலீரியா, பபீசியா என்னும் ஓரணு உயிரிகளைப் பரப்புவது அதுவே. தைலீரியா கண்ட மாட்டிற்குக் கடுங்காய்ச்சலுடன் தோள்பட்டைக்கு முன்னுள்ள நெறி கட்டும். பபீசியாவில் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். நாட்டு மாடுகளைவிடக் கலப்பின மாடுகளே இவற்றிற்கு எளிதில் இரையாகின்றன.

மருந்து தெளித்தும் பதினைந்து நாளில் மறுபடி உண்ணி வருகிறதே என்பது பலரின் குறை. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி மாட்டிலிருந்து கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாம் மருந்து தெளிப்பதோ மாட்டின்மேல் மட்டும். ஆகவே வெடிப்புகளைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ பூசி அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டிற்கும் கொட்டகைக்கும் ஒரே நாளில் மருந்து தெளியுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டின்மேல் ஒருபோதும் தெளிக்கக் கூடாது. நக்கும் மாடு நஞ்சுண்டு மடியும்.

வயல் ஓரப் புல்லும் தட்டைப்புழுவும்

குளத்து ஓரத்திலும் வயல் வரப்பிலும் மேயும் மாடுகளுக்குத் தாடையின்கீழ் நீர் கோத்துப் பை போலத் தொங்குவதுண்டு. இது தட்டைப்புழுவின் வேலை. இப்புழுவின் குஞ்சு தண்ணீரில் வாழும் நத்தையின் உடலில் வளர்ந்து, பிறகு நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கிறது. நீர்மட்டத்திற்கு மேலே புல்லை அறுத்து, நன்றாக உலர்த்திப் போட்டால் பெரும்பகுதி மடிந்துவிடும். வாத்துகள் நத்தையைத் தின்று குறைக்கும்.

எந்தப் புழு என்று தெரியாமல் கடையில் கிடைத்த மருந்தைக் கொடுப்பது வீண். எலுமிச்சை அளவு புதுச் சாணத்தை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றால் சோதித்து ஏற்ற மருந்தைச் சொல்வார்கள்.

புதிய மாடும் தடுப்பூசியும்

சந்தையில் வாங்கிய மாட்டை அன்றே பழைய மாடுகளோடு கட்டுவது பெரும் ஆபத்து. கோமாரி நோய்க் கிருமி உடலில் புகுந்தபின் குறி தெரிய இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம். நலமாகத் தோன்றும் மாடே நோயைக் கொண்டுவரும். மூன்று வாரம் தனியே கட்டி, அதற்கெனத் தனி வாளியும் தனிக் கயிறும் வைத்து, கடைசியாகக் கவனியுங்கள். அதற்குள் மடியையும், புரூசெல்லா நோய்க்கு இரத்தத்தையும் சோதித்துவிடலாம்.

கோமாரி நோயையும் புரூசெல்லா நோயையும் கட்டுப்படுத்த 2019ஆம் ஆண்டில் தேசிய அளவில் திட்டம் தொடங்கப்பட்டது. கோமாரித் தடுப்பூசியை ஆண்டிற்கு இருமுறையும், புரூசெல்லா தடுப்பூசியை நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு ஒருமுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்காலத்திற்கு முன்பே ஊசி போட வேண்டும். 2022இல் நாட்டின் பல பகுதிகளில் பெரும் சேதம் விளைவித்த தோல் கழலை நோய் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுவது. அதற்குத் தடுப்பூசியோடு சாணத்தையும் தேங்கிய நீரையும் அகற்றுவதும் தேவை.

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். புழு மிகுந்து மெலிந்த மாட்டில் ஊசியின் பயன் குறையும். ஊசியும் நல்ல பராமரிப்பும் சேர்ந்தால்தான் முழுப்பயன் கிடைக்கும்.

நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும்போது மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். இரண்டு நாளில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து கொடுத்த பாலைக் குறித்த நாள் வரை சங்கத்தில் ஊற்றவும் கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவும் கூடாது.

தினமும் காலையில் ஐந்து நிமிடம்

கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கூட்டத் தொடங்காமல், ஐந்து நிமிடம் மாட்டைப் பாருங்கள். நேற்று வைத்த தீவனம் மிஞ்சியிருக்கிறதா? மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா? அசை போடுகிறதா? சாணம் வழக்கம்போல் இருக்கிறதா? மடியின் நான்கு பகுதியும் ஒன்றுபோல் மிருதுவாக இருக்கின்றனவா? நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா? ஐயம் இருந்தால் வெப்பமானியால் பாருங்கள். பசுவின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் டிகிரி.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பால் அளவு, சினை ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், தடுப்பூசி, புழு மருந்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மருத்துவர் வரும்போது இந்த நோட்டு அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி பெறலாம்.

பல வீடுகளில் பால் கறப்பதும், கன்றைப் பார்ப்பதும், சோறு கழுநீர் வைப்பதும் பெண்களே. ஆதலால் இக்கட்டுரையைப் படித்தவர்கள் வீட்டிலுள்ளோருக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இன்று மாலைக் கறவை முடிந்தவுடன் பசுந்தீவனத்தைப் போட்டு மாட்டை அரை மணி நேரம் நிற்க வைப்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த வாரம் சுவர் வெடிப்பைப் பூசுங்கள். அடுத்த ஈற்றில் கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் கொடுங்கள். இவ்வாறு ஒவ்வொரு வழியாக அடைத்துவந்தால் மருந்துச் செலவு குறையும். கறவையும் கன்றும் நலமாக இருந்து பலன் தரும்.